பதிவு செய்த மேக்ரோவும் அதைத் திருத்தும் முறையும்

குழம்பு வைக்கக் கற்றுக்கொள்ள விரும்பும் ஒரு சிறுமி, நோட்டும் பேனாவுமாகப் பாட்டியின் அருகில் அமர்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டி செய்வதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதிக்கொள்கிறாள். ‘புளியைக் கரைத்தார். உப்பு இரண்டு தேக்கரண்டி போட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பூனையை விரட்டினார். அடுப்பைக் குறைத்தார்.’ மறுநாள் இந்த நோட்டை வைத்துக்கொண்டு அவள் குழம்பு வைத்தால், வராத பூனையையும் விரட்டவேண்டியிருக்கும்! நான்கு பேருக்குப் போட்ட இரண்டு தேக்கரண்டி உப்பையே நாற்பது பேருக்கும் போடவேண்டியிருக்கும். அவள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எது எதற்காகச் செய்யப்பட்டது என்பது மட்டும் அந்த நோட்டில் இல்லை.

கணிப்பொறியில் மேக்ரோவைப் பதிவு செய்யும்போதும் இதுவே நிகழ்கிறது. இயந்திரம் நம் கை செய்ததை அப்படியே எழுதிக்கொள்கிறது. நம் கருத்து நினைத்ததை அது அறியாது. அந்தக் கருத்தைப் பின்னர் நாமே எழுதிச் சேர்ப்பதுதான் திருத்தம். தோழியரே, காட்சித் தொகுப்புகளைத் தயாரிக்கப் பயன்படும் பவர்பாயிண்ட் மென்பொருளை எடுத்துக்கொண்டு, இத்திருத்தத்தைச் செய்யும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

மேக்ரோ என்பது யாது?

ஒரே வேலையைப் பலமுறை செய்ய நேரும்போது, அதற்குரிய கட்டளைகளை வரிசையாக எழுதி ஒரு பெயரிட்டு வைத்துக்கொள்ளலாம். அப்பெயரைச் சொன்ன மாத்திரத்தில் கணிப்பொறி அக்கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றிவிடும். இந்தக் கட்டளைத் தொடருக்கே மேக்ரோ என்று பெயர். இதை இரு வழிகளில் உண்டாக்கலாம். கட்டளை மொழி அறிந்தவர் தாமே எழுதலாம். அறியாதவர், பதிவுக் கருவியை இயக்கிவிட்டு, வேலையை ஒருமுறை கையால் செய்து காட்டலாம். பதிவை நிறுத்தியதும், செய்தவை யாவும் கட்டளைகளாக மாறி எழுதப்பட்டிருக்கும்.

பவர்பாயிண்ட் முதன்முதலில் 1987ஆம் ஆண்டு ஏப்ரலில் மக்கின்டாஷ் கணிப்பொறிக்காக வெளிவந்தது. அதை வெளியிட்டது ஃபோர்தாட் என்னும் சிறு நிறுவனம். ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் ஆகியோர் அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர்கள். அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது. பத்தாண்டுகள் கழித்து வந்த பவர்பாயிண்ட் 97 பதிப்பில், ‘விஷுவல் பேசிக் ஃபார் அப்ளிகேஷன்ஸ்’ என்னும் கட்டளை மொழியும் பதிவுக் கருவியும் இடம்பெற்றன. அம்மொழியைச் சுருக்கமாக விபிஏ என்பார்கள்.

இங்கே ஒரு செய்தியை மறவாமல் சொல்லவேண்டும். அந்தப் பதிவுக் கருவி 2003 பதிப்பு வரையில்தான் பவர்பாயிண்டில் இருந்தது. 2007 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். பின்பு வந்த பதிப்புகளிலும் அது திரும்பவில்லை. விபிஏ மொழியும் அதை எழுதும் அறையும் மட்டும் இன்றும் உள்ளன. வேர்டிலும் எக்ஸெலிலும் பதிவுக் கருவி இப்போதும் உண்டு. விலையின்றிக் கிடைக்கும் லிபர் ஆஃபீஸிலும் இதே நிலைதான்: ரைட்டர், கால்க் ஆகிய இரண்டுக்குப் பதிவுக் கருவி இருக்கிறது, காட்சித் தொகுப்புக்குரிய இம்ப்ரஸுக்கு இல்லை.

அப்படியானால் பவர்பாயிண்டில் பதிவான மேக்ரோவைப் பற்றி நாம் ஏன் அறியவேண்டும்? அன்று பதிவான மேக்ரோக்கள் பழைய கோப்புகளில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கைமாறிக் கைமாறி நம்மிடமும் வந்து சேர்கின்றன. புதிய பதிப்பிலும் அவை ஓடும். எப்படித் திருத்தவேண்டும் என்று அறியாமல் ஓட்டினால்தான் தொல்லை. மேலும், இங்கே கற்கும் பாடம் எக்ஸெலில் பதிவு செய்யும்போதும் அப்படியே பயன்படும்.

ஒரு பதிவைப் படித்துப் பார்ப்போம்

ஓர் அறிவியல் கண்காட்சிக்கு 12 குழுக்கள் ஆளுக்கு 4 ஸ்லைடு வீதம் தயாரித்து, 48 ஸ்லைடுகளும் ஒரே தொகுப்பாகச் சேர்ந்துள்ளன என்று கொள்வோம். எழுத்தின் அளவு பல இடங்களில் 18தான். அரங்கின் கடைசி வரிசையில் அமரும் தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் அது தெரியாது. 28 ஆக்கவேண்டும்.

எல்லாக் குழுவினரும் ஒரே அமைப்பில், மென்பொருள் தந்த பெட்டிகளிலேயே எழுதியிருந்தால் மேக்ரோவே வேண்டாம். ஸ்லைடு மாஸ்டர் எனப்படும் மூலப் படிவத்தில் ஒருமுறை மாற்றினால் போதும். ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி பெட்டிகளை வரைந்தும், வேறிடத்திலிருந்து ஒட்டியும் இருந்தால், மூலப் படிவத்தின் அதிகாரம் அவற்றின்மேல் செல்லாது. அப்போதுதான் மேக்ரோ தேவைப்படுகிறது.

பழைய பதிப்பில் ஒருவர் பதிவுக் கருவியை இயக்கி, 5ஆம் ஸ்லைடுக்குப் போய், ஒரு பெட்டியில் உள்ள எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து, ‘ஃபான்ட்’ என்னும் உரையாடல் பெட்டியைத் திறந்து, அளவை 28 ஆக்கிச் ‘சரி’ கொடுத்தார் என்போம். பதிவான கட்டளைகளைத் தமிழில் சொன்னால் இவ்வாறு இருக்கும்:

1. 5ஆம் ஸ்லைடுக்குச் செல்.
2. அங்குள்ள ‘ரெக்டாங்கிள் 3’ என்னும் பெட்டியைத் தேர்ந்தெடு.
3. அதில் 1ஆம் எழுத்து தொடங்கி 84 எழுத்துகளைத் தேர்ந்தெடு.
4. எழுத்துரு: ஏரியல்.
5. அளவு: 28.
6. தடித்த எழுத்து: இல்லை.
7. சாய்ந்த எழுத்து: இல்லை.
8. அடிக்கோடு: இல்லை.
9. மேலேற்றம் அல்லது கீழிறக்கம்: 0.
10. நிறம்: வழக்கமான எழுத்து நிறம்.

நாம் விரும்பியது ஒரே ஒரு மாற்றம். எழுதப்பட்டதோ 10 வரிகள்! உரையாடல் பெட்டியில் ‘சரி’ கொடுத்ததும், நாம் தொட்டது தொடாதது என்ற வேறுபாடின்றி, அதிலிருந்த எல்லா நிலைகளையும் கருவி எழுதிக்கொண்டது. அளவை மேலே உள்ள கருவிப்பட்டையில் மாற்றியிருந்தால் அளவுக்குரிய வரி மட்டுமே பதிவாகியிருக்கும். பதிவு செய்யும்போது நாம் செல்லும் வழியும் முக்கியம் என்பதை இதிலிருந்து அறியலாம்.

முதல் திருத்தம்: வேண்டாததை நீக்குதல்

ஆல்ட் விசையையும் எஃப்8 விசையையும் சேர்த்து அழுத்தினால் மேக்ரோக்களின் பட்டியல் வரும். ஆல்ட், எஃப்11 இரண்டையும் அழுத்தினால் அவற்றைத் திருத்தும் அறை திறக்கும். அங்கே சென்றதும் முதலில் செய்யவேண்டியது புதிதாக எழுதுவதன்று, அழிப்பதுதான். ஒவ்வொரு வரியையும் பார்த்து, ‘இதை நாம் விரும்பினோமா?’ என்று கேட்கவேண்டும்.

9ஆம் வரியைப் பாருங்கள். பதிவு செய்த பெட்டியில் அடுக்குக்குறி எதுவும் இல்லை. ஆகவே ‘மேலேற்றம் 0’ என்று பதிவாயிற்று. இதே கட்டளை வேதியியல் குழுவின் ஸ்லைடில் ஓடினால் என்ன ஆகும்? ஒரு மோல் பொருளில் உள்ள துகள்களின் எண்ணிக்கை 6.022 × 10²³ என்று அவர்கள் எழுதியிருப்பார்கள். 23 என்பது மேலிருந்து இறங்கிப் பத்தின் பக்கத்தில் அமர்ந்து, 1023 ஆகிவிடும். நினைத்துப் பார்க்க முடியாத ஒரு பேரெண் ஆயிரத்துச் சொச்சமாகச் சுருங்கிவிடும்! கணிப்பொறி எந்தப் பிழைச் செய்தியும் தராது. அதன் கணக்கில் எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது. அரங்கில் எழுந்து நின்று விளக்கப்போகும் மாணவிதான் தலைகுனிய நேரும்.

6ஆம் வரியும் 10ஆம் வரியும் அத்தகையவையே. அமிலத்தை நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்கவேண்டும், அமிலத்தின்மேல் நீரை ஊற்றலாகாது என்ற எச்சரிக்கையை ஒரு குழு சிவப்பில் தடித்த எழுத்தில் இட்டிருக்கலாம். அது அழகுக்காக இட்டதன்று. ஆபத்தை உணர்த்த இட்டது. மேக்ரோ அதைச் சாதாரண வரியாக்கிவிடும்.

4ஆம் வரி தமிழுக்கே உரிய ஒரு தொல்லையைத் தரும். யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. அவற்றில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியெண்கள்; எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் முகம் தருகிறது. எழுத்துருவின் பெயரை ஏரியல் என்று மாற்றிய நொடியிலேயே தமிழ் மறைந்து, பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டம் தோன்றும். யூனிகோடு தமிழானால் இந்த ஆபத்து இல்லை. அதன் எழுத்துருவைக் குறிக்க விபிஏ மொழியில் ‘நேம் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்று தனிப் பண்பே உண்டு. எப்படியாயினும் நாம் விரும்பியது அளவு மாற்றம் மட்டும், எழுத்துரு அன்று. எனவே 4ஆம் வரியையும், 6 முதல் 10 வரையுள்ள வரிகளையும் நீக்கிவிடுவோம். தொகுப்பில் மற்றவர்களின் உழைப்பும் இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால், அழிக்கவேண்டிய வரி எது என்பது தானே விளங்கும்.

இரண்டாம் திருத்தம்: ‘அந்தப் பெட்டி’ என்பதை ‘ஒவ்வொரு பெட்டி’ ஆக்குதல்

எஞ்சிய வரிகளில் முதல் மூன்றும் ஓரிடத்தையே சுட்டுகின்றன. 5ஆம் ஸ்லைடு, ரெக்டாங்கிள் 3, 84 எழுத்துகள். இம்மேக்ரோவை நூறு முறை ஓட்டினாலும் அந்த ஒரு பெட்டியே நூறு முறை மாறும். முதல் வரியை நீக்கிவிட்டால், அப்போது திரையில் உள்ள ஸ்லைடில் ‘ரெக்டாங்கிள் 3’ என்ற பெட்டியைத் தேடும். அப்பெயர் நாம் இட்டதன்று. பெட்டியை வரையும்போது மென்பொருள் தானே இட்ட பெயர். அடுத்த ஸ்லைடில் அதே பெயரில் ஒரு வெறுங்கட்டம் இருக்கலாம். அல்லது அப்பெயரே இல்லாமற் போகலாம். இருந்தாலும், 200 எழுத்துள்ள பெட்டியில் முதல் 84 எழுத்துகள் மட்டும் பெரிதாகி நிற்கும்.

கையால் வேலை செய்யும் நமக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் அதை மாற்றமுடியும். விபிஏ மொழிக்கு அந்தத் தேவை இல்லை. பொருளின் பெயரைச் சொல்லி நேராகவே மாற்றலாம். ஆகவே ‘ஆக்டிவ் விண்டோ’, ‘செலெக்‌ஷன்’, ‘செலெக்ட்’ என்ற சொற்கள் வரும் வரிகளையெல்லாம் எடுத்துவிட்டு, ‘ஆக்டிவ் பிரசன்டேஷன்’ என்று முழுத் தொகுப்பையும் குறிக்கும் சொல்லிலிருந்து தொடங்கவேண்டும். அதிலுள்ள ஒவ்வொரு ஸ்லைடையும், ஒவ்வொரு ஸ்லைடிலும் உள்ள ஒவ்வொரு உருவத்தையும் எடுக்க ‘ஃபார் ஈச்’ என்னும் தொடர் உதவுகிறது. வருகைப் பதிவேட்டில் பெயர் பெயராக அழைப்பது போன்றது இது. யாரும் விடுபடமாட்டார்கள்; யாரும் இரண்டுமுறை அழைக்கப்படவும் மாட்டார்கள்.

ஆனால் எல்லா உருவங்களிலும் எழுத்து இருக்காது. ஒரு புகைப்படத்தைப் பார்த்து ‘உன் எழுத்தைப் பெரிதாக்கு’ என்றால் மேக்ரோ திகைத்து நின்றுவிடும். அதுவரை வந்த ஸ்லைடுகள் மாறியும், மற்றவை மாறாமலும் கிடக்கும். எனவே ‘எழுத்துச் சட்டம் உண்டா?’ என்று முதலில் கேட்கவேண்டும். ‘ஹேஸ் டெக்ஸ்ட் ஃபிரேம்’ என்பது அக்கேள்வி.

சிலர் இதற்குக் குறுக்குவழி ஒன்று சொல்வார்கள். ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ என்று தொடக்கத்தில் எழுதிவிட்டால், பிழை நேர்ந்தாலும் வாய் திறவாமல் மேக்ரோ அடுத்த வரிக்குப் போய்விடும். வேலை சுமுகமாக முடிந்ததுபோல் தோன்றும். எங்கே தவறிற்று என்பது யாருக்கும் தெரியாமற் போகும். பிழையைத் திருத்துவது வேறு, பிழையின் வாயை அடைப்பது வேறு அல்லவா?

மூன்றாம் திருத்தம்: எண்ணுக்குப் பின்னுள்ள காரணத்தை எழுதுதல்

இப்போது மேக்ரோ எல்லாப் பெட்டிகளுக்கும் செல்லும். ஆனால் ‘அளவு 28’ என்ற வரி அப்படியே இருந்தால், 44 அளவில் இருந்த தலைப்புகளும் 28 ஆகச் சிறுத்துவிடும். நாம் விரும்பியது எல்லாம் 28 ஆகவேண்டும் என்பதன்று; 28க்குக் குறைந்தது எதுவும் இருக்கலாகாது என்பதே. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், திருத்தத்தின் உயிர்நாடி இதுதான். ‘அளவு 28க்குக் குறைவானால், அதை 28 ஆக்கு’ என்று நிபந்தனையாக எழுதவேண்டும்.

ஒரே பெட்டியில் இருவகை அளவுகள் கலந்திருந்தால், மொத்தப் பெட்டியைப் பார்த்து ‘உன் அளவு என்ன?’ என்று கேட்பதில் பொருள் இல்லை. ஒரே தோற்றமுள்ள எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தரும் ‘ரன்ஸ்’ என்பதைக் கொண்டு ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே கேட்கவேண்டும்.

ஸ்லைடின் அடியில் இருக்கும் பக்க எண்ணையும் மறந்துவிடக்கூடாது. 12 அளவில் அடக்கமாக இருந்த அது 28 ஆகி முன்வந்து நிற்கும். அதை விலக்க, ‘இது பிளேஸ்ஹோல்டர் வகையா?’ என்று முதலிலும், ‘அதிலும் பக்க எண்ணுக்குரியதா?’ என்று அடுத்தும் கேட்கவேண்டும். இரு கேள்விகளையும் ‘ஆண்ட்’ போட்டு ஒரே வரியில் இணைக்கலாகாது. முதற்கேள்விக்கு ‘இல்லை’ என்ற விடை வந்தாலும், விபிஏ இரண்டாம் கேள்வியையும் கேட்டே தீரும். பிளேஸ்ஹோல்டர் அல்லாத உருவத்திடம் அதைக் கேட்டால் பிழை உண்டாகும். ஆகவே ஒரு கேள்விக்குள் மற்றொன்றாக அடுக்கி எழுதவேண்டும்.

திருத்திய மேக்ரோவைத் தமிழில் சொன்னால் இவ்வாறு அமையும்:

1. தொகுப்பிலுள்ள ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக எடு.
2. அதிலுள்ள உருவங்களை ஒவ்வொன்றாக எடு.
3. எழுத்துச் சட்டம் இல்லையேல், அடுத்த உருவத்துக்குச் செல்.
4. பக்க எண் பெட்டியானால், அடுத்த உருவத்துக்குச் செல்.
5. எழுத்துகளைத் துண்டு துண்டாக எடு.
6. துண்டின் அளவு 28க்குக் குறைவானால், 28 ஆக்கு.

முந்திய பத்து வரிகளில் தப்பியது ஒரே வரிதான். அதுவும் புது நிபந்தனையோடு நிற்கிறது. இன்றைய பவர்பாயிண்டில் பதிவுக் கருவி இல்லாவிட்டாலும் இந்த ஆறையும் நாமே எழுதிவிடலாம்.

சின்னம் இடம் மாறிய கதை

எண்ணுக்குப் பின்னுள்ள காரணத்தை எழுதுவதற்கு மற்றோர் எடுத்துக்காட்டும் காண்போம். ஸ்லைடின் வலது மேல் மூலையில் பள்ளிச் சின்னத்தை வைக்கும் மேக்ரோ ஒன்று பழைய கோப்பில் பதிவாகியுள்ளது. ‘இடப்புறத்திலிருந்து 650, அகலம் 60’ என்று அதில் இருக்கிறது. இவை பாயிண்ட் என்னும் அளவையில் உள்ளன. ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட். அன்றைய ஸ்லைடு 10 அங்குல அகலம், அதாவது 720 பாயிண்ட். ஆகவே சின்னம் வலது ஓரத்திலிருந்து 10 பாயிண்ட் தள்ளி அழகாக நின்றது.

2013 பதிப்பு முதல் புதிய தொகுப்புகள் அகலத் திரைக்கு ஏற்ப 960 பாயிண்ட் அகலத்தில் தொடங்குகின்றன. அதில் இம்மேக்ரோவை ஓட்டினால், சின்னம் 650இலேயே நிற்கும். அதற்கு வலப்புறம் 250 பாயிண்ட் வெற்றிடம் இருக்கும். மேக்ரோ சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் 650 என்ற எண் அன்றைய ஸ்லைடுக்குரிய விடை மட்டுமே. ‘வலது ஓரத்திலிருந்து 10 தள்ளி’ என்பதே நம் கருத்து. எனவே 650 என்பதை அழித்துவிட்டு, ‘ஸ்லைடின் அகலத்திலிருந்து சின்னத்தின் அகலத்தையும் 10ஐயும் கழித்து வருவது’ என்று எழுதவேண்டும். ஸ்லைடின் அகலத்தை ‘பேஜ் செட்டப்’ என்பதிடம் கேட்டால் சொல்லும். பழைய ஸ்லைடில் விடை 650, புதியதில் 890. இனி எந்த அகலம் வந்தாலும் கவலை இல்லை.

பழைய சின்னங்களை நீக்கிவிட்டுப் புதியதை வைக்கவேண்டுமானால் இன்னொரு நுட்பம் தேவை. காலை வணக்கத்துக்கு வரிசையாக நிற்கும்போது மூன்றாவது மாணவியை வெளியே அழைத்துவிட்டால், நான்காவது மாணவி மூன்றாம் இடத்துக்கு நகர்ந்துவிடுவாள். ஆசிரியை அடுத்து ‘நான்காவது’ என்று அழைத்தால், நகர்ந்தவள் கணக்கில் வரமாட்டாள். உருவங்களை அழிக்கும்போதும் இவ்வாறே சில தப்பிவிடும். ஆகவே கடைசியிலிருந்து முதலை நோக்கி எண்ணிக்கொண்டு வந்து அழிக்கவேண்டும். எது சின்னம் என்று மேக்ரோ அடையாளம் காண, 2007 பதிப்பு முதல் உள்ள ‘செலெக்‌ஷன் பேன்’ என்னும் பலகையில் அதற்கு நாமே ஒரு பெயரிடலாம். அப்பெயர் ஆங்கிலத்தில் இருப்பது நன்று. விபிஏ திருத்தும் அறையில் தமிழ் எழுத்துகள் வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். தமிழ் எழுத்தே வேண்டுமானால் அதன் யூனிகோடு எண்ணைத் தரவேண்டும், ‘க’வுக்கு 2965.

நகலும் ஒத்திகையும்

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. திருத்திய மேக்ரோவை முதன்முதலில் மூலக் கோப்பில் ஓட்டவே கூடாது. வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து, அதில்தான் ஓட்டவேண்டும். 12 குழுக்களின் உழைப்பு ஒரே கோப்பில் இருக்கும்போது, இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்ப்பது அறமாகாது.

திருத்தும் அறையையும் ஸ்லைடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு எஃப்8 விசையை அழுத்தினால், ஒரு தடவைக்கு ஒரு வரி மட்டும் நிறைவேறும். எந்த வரி எதை மாற்றுகிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம். ஒரு வரியின் முன் ஒற்றை மேற்கோள் குறி இட்டால், அது குறிப்பாகிவிடும். கணிப்பொறி அதைப் படிக்காது. ஐயமுள்ள வரியை அழிப்பதற்கு முன் இவ்வாறு உறங்கவைத்துப் பார்க்கலாம். மேக்ரோவின் தலையில், இது எதற்காக எழுதப்பட்டது, என்று திருத்தப்பட்டது என்பதையும் இக்குறியிட்டு எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு இதைக் கையில் எடுப்பவர் நம்மை வாழ்த்துவார்.

ஓட்டிய பின் விடுபட்டவற்றைத் தேடவேண்டும். அட்டவணையில் உள்ள எழுத்தும், பல உருவங்களைச் சேர்த்துக் கட்டிய தொகுதிக்குள் உள்ள எழுத்தும் மேலே சொன்ன ஆறு வரிகளுக்குள் சிக்கமாட்டா. அவற்றுக்குத் தனியே வரிகள் எழுதவேண்டும்; அல்லது சிலவே இருந்தால் கையால் மாற்றிவிடலாம். பெரிதான எழுத்து பெட்டியை மீறி வழிகிறதா என்பதையும் ஸ்லைடு ஸ்லைடாகப் பார்க்கவேண்டும்.

எச்சரிக்கை ஒன்று

மேக்ரோ நல்ல வேலைக்காரன்தான். ஆனால் யார் ஏவினாலும் செய்வான். 1999ஆம் ஆண்டு மார்ச்சில் ‘மெலிசா’ என்னும் நச்சு நிரல், ஒரு வேர்டு கோப்பின் மேக்ரோவாக வந்தது. கோப்பைத் திறந்தவருடைய முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தன்னையே அஞ்சலில் அனுப்பிக்கொண்டு, உலகெங்கும் அஞ்சல் கணிப்பொறிகளைத் திணறடித்தது. இதனால்தான் 2007 பதிப்பு முதல், சாதாரண பிபிடிஎக்ஸ் கோப்பில் மேக்ரோ தங்கமுடியாது. மேக்ரோவுள்ள கோப்புக்கு பிபிடிஎம் என்று வேறு விகுதி உண்டு. இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுத்துவைக்கிறது. அந்தத் தடையை நாமே நீக்குவதற்கு முன், கோப்பு யாரிடமிருந்து வந்தது என்பதையும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதையும் அறியவேண்டும். பதிவான மேக்ரோவைப் படிக்கக் கற்றவர்களுக்கு இந்த இரண்டாவது சோதனையும் கைவருகிறது. படிக்கத் தெரியாத கட்டளையை ஓட்டாதிருப்பதே நமக்கு நல்ல விதி.

கடைசி வரிசை

மேக்ரோ சரியாக ஓடி முடிந்துவிட்டது. 48 ஸ்லைடுகளும் மாறிவிட்டன. வேலை முடிந்ததா? இன்னும் ஒன்று இருக்கிறது. அரங்கின் விளக்குகள் எப்படி இருக்குமோ அப்படி வைத்து, திரையில் ஸ்லைடுகளை ஓடவிட்டு, நாமே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து படித்துப் பார்க்கவேண்டும். 28 என்பது நாம் தேர்ந்த எண். அது போதுமா என்பதை நம் கண்தான் சொல்லவேண்டும். போதாவிட்டால் மேக்ரோவில் அந்த எண்ணை மாற்றி மறுபடியும் ஓட்டலாம். சில நொடி வேலை. எழுத்து பெரிதானதால் ஒரு ஸ்லைடில் சொற்கள் நெருக்கியடித்தால், அதைச் சுருக்கி எழுதுவதும் நம் பொறுப்பே.

ஒரு வேலையை ஆயிரம் முறை சலிப்பின்றிச் செய்யும் ஆற்றல் கணிப்பொறிக்கு உண்டு. அந்த வேலை யாருக்காக, எதற்காக என்று கேட்கும் ஆற்றல் நமக்கு உண்டு. பதிவு செய்வதோடு நில்லாமல் திருத்தவும் கற்றுக்கொண்டால், இவ்விரண்டு ஆற்றல்களும் ஒன்றுசேரும். அடுத்த கண்காட்சிக்கு முன் கணிப்பொறி அறையில் ஒரு பிற்பகலை இதற்காக ஒதுக்குவோமாக!